வாங்குகிறவருக்காகப் பார்ப்பது

கனடாவில் பழைய வீடொன்றுக்கு விலை பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பவர்கள் வழமையாக ஒரு நிபந்தனையைச் சேர்ப்பார்கள். சில நாட்களுக்குள் வீட்டைப் பரிசோதிப்பிப்போம், திருப்தி இல்லையென்றால் விலகிக்கொள்வோம் என்பதே அது. அந்த இடைவெளியில் போய், இரண்டரை மூன்று மணி நேரத்துக்குள் கூரையிலிருந்து பேஸ்மென்ற் வரை பார்த்து, கண்டதை எழுதிக் கொடுப்பவர் வீட்டுப் பரிசோதகர். சுவரை உடைக்கவோ தரைவிரிப்பைக் கிழிக்கவோ அவருக்கு உரிமையில்லை, அது இன்னும் வேறொருவருடைய வீடு. கண்ணில் பட்டதை வைத்துக்கொண்டு, கண்ணில் படாததைப் பற்றி எச்சரிக்க வேண்டும். நாற்பது வயதை நெருங்கும்போது நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன்.

நான் வளர்ந்தது யாழ்ப்பாணத்து வடமராட்சியில். எங்கள் ஐயா மேசன். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் வேலை செய்யும் வளவுக்குப் போய்ச் சீமெந்துக்கல் அரிவதும், கல் இறுகும்வரை தண்ணீர் விடுவதும், சாந்து குழைத்துக் கொடுப்பதும் என் வேலை. மட்டம் பார்க்கவும் தூக்குக்குண்டு போடவும் அவர்தான் பழக்கினார். கனடா வந்த பிறகு அந்தக் கைப்பழக்கத்துக்கு வேலை இருக்கவில்லை. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்தது. என்னோடு நின்றவர்கள் எல்லோரும் ஒரே நோக்கத்தோடுதான் உழைத்தார்கள். ஊரில் விட்டுவந்த வீட்டுக்குப் பதிலாக இங்கே ஒரு வீடு வாங்க வேண்டும். அதற்காக ஒரு வேலை முடிந்து இன்னொரு வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அக்காவும் அத்தானும் அப்படி உழைத்துத்தான் ஸ்காபரோவில் 1950களில் கட்டிய ஒரு பங்களா வீட்டை வாங்கினார்கள். அடுத்த இளவேனிலில் பனி உருகியபோது பேஸ்மென்ற்றின் பின்மூலையில் தண்ணீர் ஊறியது. புதிதாகப் போட்ட தரையெல்லாம் வீங்கி எழும்பிவிட்டது. வாங்க முன் வீட்டைப் பரிசோதிப்பித்திருந்தார்கள், அறிக்கையும் அலுமாரியில் இருந்தது. எடுத்துப் படித்தேன். பின்பக்கத்து நிலம் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறது, அந்த மூலையில் பழைய ஈரத்தின் தடம் இருக்கிறது, கவனித்துவரவும் என்று அந்தத் தடித்த ஆங்கில அறிக்கையின் நடுப்பக்கத்தில் இருந்தது. பரிசோதகர் கண்டிருக்கிறார், எழுதியும் இருக்கிறார். அதன் பொருள் வாங்கியவர்களைப் போய்ச் சேரவில்லை. அத்தான் கோபப்படவில்லை. "இதை ஆராவது எனக்கு வாயாலை சொல்லியிருந்தாக் காணும் தம்பி" என்றார். அவர் சொன்னது தொழிற்சாலையில் நின்ற இரவுகளிலெல்லாம் மனதில் கிடந்தது. கட்டடம் எனக்குத் தெரியும். அத்தானுக்கு விளங்கும் விதத்தில் சொல்லவும் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு தொழிலாக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

அப்போது எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் இந்தத் தொழிலுக்கு உரிமம் கிடையாது. பிரிட்டிஷ் கொலம்பியா 2009இலும் அல்பேர்ட்டா 2011இலும் உரிமத்தைக் கட்டாயமாக்கியிருந்தன. ஒன்ராறியோவிலோ யார் வேண்டுமானாலும் விசிற்றிங் கார்ட் அடித்துக்கொண்டு நாளைக்கே தொடங்கலாம். 1987இல் அமைந்த ஒன்ராறியோ வீட்டுப் பரிசோதகர் சங்கம் இருந்தது. 1994இல் மாகாணச் சட்டமன்றம் அதற்கென ஒரு தனிச் சட்டம் நிறைவேற்றி, பதிவுபெற்ற வீட்டுப் பரிசோதகர் என்ற பட்டத்தை வழங்கும் உரிமையைக் கொடுத்தது. அந்தப் பட்டம் இல்லாமலும் தொழில் செய்யலாம். ஆனால் மற்றவர்களுடைய ஆயுள் உழைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லப் போகிறவன் தன்னைச் சோதனைக்கு உட்படுத்தாமல் இறங்கக்கூடாது என்று நினைத்தேன். பகலில் வகுப்பு, இரவில் தொழிற்சாலை. கட்டமைப்பு, கூரை, மின்சாரம், வெப்பமூட்டல், தண்ணீர்க் குழாய், இன்சுலேசன், அறிக்கை எழுதுதல் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன்.

வகுப்பில் முதலில் பதிந்த பாடம், வீட்டின் வயதைக் கேட்க வேண்டும் என்பது. வயது தெரிந்தால் எங்கே தேடுவது என்பது தெரியும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ரொறொன்ரோ வீடென்றால், சுவருக்குள் பீங்கான் தாங்கிகளில் ஓடும் பழைய மின்கம்பிகள் இருக்கலாம். அவற்றில் எர்த் கம்பி கிடையாது, காப்புறுதி நிறுவனங்களும் தயங்கும். 1950களின் நடுப்பகுதிக்கு முந்தியதென்றால் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாய் ஈயமாக இருக்கலாம். 1970களில் பல வீடுகளின் சுவர்களுக்குள் இன்சுலேசனாக யூரியா ஃபோர்மல்டிஹைட் நுரையைச் செலுத்தினார்கள். கனடா அரசாங்கம் அதை 1980 டிசெம்பரில் தடை செய்தது. கூரைக்கடியில் உள்ள அற்றிக்கில் இன்சுலேசனாகக் கொட்டிய, மினுங்கும் வெர்மிகியுலைற் துகள்களைக் கண்டால் கிளறக்கூடாது, அதில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். 1990களின் நடுப்பகுதியிலிருந்து 2007 வரை விற்பனையான கைற்றெக் என்ற செம்மஞ்சள், நீலக் குழாய்களைக் கண்டால் அவற்றின் பித்தளை இணைப்புகளைக் கவனிக்க வேண்டும்.

அலுமினிய வயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செம்பின் விலை ஏறியதால் 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் இறுதிவரை பல வீடுகளுக்கு அதைப் போட்டார்கள். நம்மவர்கள் வாங்கிய வீடுகள் பலவற்றில் அது இருக்கிறது. சூடேறும்போது அலுமினியம் செம்பைவிடக் கூடுதலாக விரிவடையும், பிறகு சுருங்கும். காலப்போக்கில் திருகாணி பிடிக்கும் இடம் தளரும், தளர்ந்த இடம் மேலும் சூடாகும். ஆபத்து இருப்பது கம்பியின் நீளத்தில் அல்ல, இணைப்புகளில். உரிமம் பெற்ற மின்தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு இணைப்பிலும் அதற்கென அங்கீகரிக்கப்பட்ட கனெக்ரரால் செம்புத் துண்டு சேர்த்துவிட்டால் வீடு பாதுகாப்பாக இருக்கும். வாங்குகிறவருக்கு இந்த முழு விளக்கமும் வேண்டும். "அலுமினிய வயர் உண்டு" என்று மட்டும் எழுதினால் ஒருவர் பயந்து நல்ல வீட்டை விட்டுவிடுவார். இன்னொருவர் கவனியாமல் குடிபோவார்.

வகுப்புக்குப் பிறகு அனுபவசாலி ஒருவருடன் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. என்னைச் சேர்த்துக்கொண்டவர் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த ஒரு முதியவர். போருக்குப் பிந்திய ரொறொன்ரோவின் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் இத்தாலியிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவருடைய தகப்பனாரும் என் ஐயாவைப் போல ஒரு மேசன் என்று அறிந்தபோது எங்களுக்குள் ஓர் ஒட்டுதல் வந்தது. வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் அவர் உடனே உள்ளே போகமாட்டார். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கூரையின் முகட்டுக் கோடு நேராக இருக்கிறதா, சிம்னி சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு வீட்டை வலமாக ஒரு தரம், இடமாக ஒரு தரம் சுற்றிவருவார். கூரைத் தண்ணீர் எந்தக் குழாயால் இறங்குகிறது, இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பவற்றைப் பார்த்து முடித்த பிறகே கதவடிக்குப் போவார். பேஸ்மென்ற்றில் எந்த மூலையில் ஈரம் இருக்கும் என்று வெளியிலேயே என்னிடம் சொல்லிவிடுவார். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த மூலையில்தான் சுவர் உப்புப் பூத்திருக்கும்.

உப்புப் பூத்தல் எனக்குப் புதிதல்ல. கடலை அண்டிய எங்கள் ஊர்ச் சுவர்களில் அதைப் பார்த்தே வளர்ந்தேன். ஆனால் இந்த நாட்டின் மண் வேறு. ஐயா இரண்டடி வெட்டி அத்திவாரம் போட்டால் வீடு தலைமுறைகளுக்கு நிற்கும். தென் ஒன்ராறியோவில் மண் நாலடி ஆழம்வரை உறையக்கூடும். உறையும் ஈரம் பெருத்து மேலே இருப்பதைத் தூக்கும். அதனால் அத்திவாரம் அந்த ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். அவ்வளவு தோண்டிய பிறகு அந்த இடத்தையும் பயன்படுத்தலாம் என்பதால்தான் இங்கே வீடுதோறும் பேஸ்மென்ற். நிலத்துக்குக் கீழே ஒரு குடியிருப்பு இருந்தால் தண்ணீர் எந்நேரமும் அதன் சுவரைத் தேடி வரும். சுவரை ஒட்டிய முதல் ஆறடிக்கு, அடிக்கு ஓர் அங்குலம் வீதம் நிலம் வெளிப்பக்கம் சரிய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொது விதி. கூரைத் தண்ணீரைச் சுவரடியில் விடாமல் தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு லொறி மண்ணாலும் நீட்டிவிட்ட ஒரு குழாயாலும் தீரக்கூடிய பிரச்சினையை, ஆயிரக்கணக்கில் செலவழித்து உள்ளே அடைக்கப் பார்த்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

தனியாகத் தொழில் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் ஒரு குடும்பம் என்னை அழைத்தது. கூரைக்குப் புது ஓடு போட்டும் மேல்மாடிச் சீலிங்கில் கறை வருகிறது, கூரை ஒழுகுகிறது என்றார்கள். வெளியே கடும் குளிர். அற்றிக்கின் மூடியைத் திறந்து ரோர்ச் அடித்தேன். பலகையைத் துளைத்து இறங்கிய ஒவ்வோர் ஆணியின் நுனியிலும் உறைபனி பிடித்திருந்தது, பலகையின் அடியும் வெண்மையாக இருந்தது. குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல் அற்றிக்குள்ளேயே முடிந்திருந்தது. கீழே சமையலறையில் காலை மாலை புட்டும் இடியப்பமும் அவிகின்றன. அடுப்புக்கு மேலிருந்த விசிறியோ ஆவியை வெளியேற்றாமல் வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகை. அந்த ஈரமெல்லாம் மேலேறி, குளிர்ந்த பலகையில் பட்டு உறைந்து, வெயில் அடிக்கும் நாளில் உருகிச் சொட்டுகிறது. கூரையில் ஓட்டை இல்லை. குளியலறைக் குழாயை இன்சுலேசன் சுற்றிக் கூரைக்கு வெளியே கொண்டுபோகவும், மூடியின் விளிம்பை அடைக்கவும், வெளியே திறக்கும் அடுப்பு விசிறி ஒன்று பூட்டவும் சொன்னேன். அடுத்த குளிர்காலத்தில் கறை வரவில்லை என்று அந்த வீட்டம்மா கூப்பிட்டுச் சொன்னார். கனடாவின் குளிரையும் எங்கள் அடுப்படியையும் சேர்த்து அறிந்தவர்கள் இந்தத் தொழிலுக்கு வேண்டும் என்று அந்த வீட்டுக்குப் பிறகு எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினேன்.

பேஸ்மென்ற் வாடகை இன்னொரு பெரிய விடயம். அந்த வாடகையை நம்பித்தான் பல குடும்பங்கள் மோட்கேஜ் கட்டுகின்றன. அதில் குடியிருப்பவர் பெரும்பாலும் புதிதாக வந்த மாணவர் அல்லது அகதி. நானும் வந்த புதிதில் அப்படியோர் அறையில் இருந்தவன். அதனால் பரிசோதிக்கப் போகும்போது வாங்குகிறவரோடு, அங்கே படுக்கப் போகிற முகம் தெரியாத பிள்ளையும் என் மனதில் நிற்கும். தீ பிடித்தால் வெளியேற வழி உண்டா? மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில் தீயைத் தடுத்து நிறுத்தும் சீலிங் இருக்கிறதா, அல்லது அழகுக்குப் போட்ட பலகை மட்டும்தானா? கீழே புகை வந்தால் மேலே உள்ள அலாமும் அடிக்குமா? வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இருக்கும் அறைக்குப் பக்கத்தில் படுக்கிறவருக்குக் காபன் மொனொக்சைட் அலாம் உண்டா? இவற்றைக் கடைசிப் பக்கத்துக் குறிப்பாக நான் எழுதுவதில்லை. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுவேன்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேலை வருவது வீடு விற்பனை ஏஜென்ற்மார் வழியாகத்தான். இந்தத் தொழிலின் கடினமான இடமும் அதுதான். விற்பனை முடிந்தால் ஏஜென்ற்றுக்குக் கமிசன், முறிந்தால் ஒன்றுமில்லை. குறைகளைச் சொல்லுகிற பரிசோதகருக்கு டீல் கில்லர் என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஒருவர் எனக்கு நேரடியாகவே சொன்னார்.

"அண்ணை, கொஞ்சம் பாத்து எழுதுங்கோ. சனம் பயந்திடும்."

"நான் பயப்பிடுத்தேல்லைத் தம்பி. கண்டதைச் சொல்லுறன். திருத்த என்ன செய்யவேணும், எப்ப செய்யவேணும் எண்டதையும் சொல்லுறன். பிறகு அவை யோசிச்சு முடிவெடுக்கட்டும்."

அதற்குப் பிறகு அவர் எனக்கு ஆட்களை அனுப்பவில்லை. அந்த வருடம் வருமானம் குறைந்தது, தொழிற்சாலை வேலையை விட முடியாமல் இரண்டையும் இழுத்துக்கொண்டு போனேன். ஆனால் வேறு சில ஏஜென்ற்மார் தங்கள் சொந்தத் தங்கைக்கும் பெறாமகனுக்கும் வீடு பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஆட்களை அனுப்புகிறவருக்குப் பரிசோதகர் பணம் கொடுக்கக்கூடாது என்று தொழில் நெறிமுறை சொல்கிறது. அந்த விதியை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றியவர்களே இந்தத் தொழிலில் நிலைத்து நிற்பதை நான் கண்டேன். வாங்குகிறவரிடமிருந்து கூலி வாங்குகிறோம், ஆகவே வாங்குகிறவருக்கே பதில் சொல்ல வேண்டும்.

அத்தான் கேட்ட அந்த "வாயாலை சொல்லுதல்" என் வேலைமுறையின் மையமாயிற்று. பரிசோதனை முடிந்ததும் குடும்பத்தில் வந்த எல்லோரையும் சமையலறையில் கூப்பிட்டு நிறுத்துவேன். வீட்டின் திசையும் வாசலும் தெருக்குத்தும் பார்த்துச் சாத்திரியாரிடம் கேட்டுவிட்டு வந்த அம்மம்மாவும் அதில் இருப்பார். அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, தண்ணி வருமோ?" நான் மூன்றாகப் பிரித்துச் சொல்வேன். குடிபோக முன் செய்ய வேண்டியவை, சில வருடங்களுக்குள் செலவு வைக்கப் போகிறவை, எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய சாதாரணத் தேய்மானம். பிறகு அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் பூட்டும் வால்வையும், மெயின் பிரேக்கரையும், காஸ் அடைக்கும் இடத்தையும் காட்டி, வீட்டுக்காரர் சம்மதித்தால் பிள்ளைகளின் கையாலேயே தொட்டுப் பார்க்க வைப்பேன். சுடுதண்ணீர் ராங்க் வாடகைக்கு எடுத்ததா என்றும் கேட்கச் சொல்வேன், ஒன்ராறியோவில் அந்த வாடகை ஒப்பந்தம் வீட்டோடு சேர்ந்து கைமாறுவதுண்டு. எழுத்து அறிக்கை பிறகு போகும். அதைத் திறக்க முன்பே உள்ளடக்கம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

2013 ஜூலை 8 மாலை ரொறொன்ரோவில் பெருமழை பெய்தது. பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரத்துக்குள் 126 மில்லிமீற்றர் பதிவானது. பேஸ்மென்ற்றுகள் நிரம்பின, கழிவுநீர் வாய்க்கால் தண்ணீர் தரைத் துவாரத்தால் மேலே வந்தது. அந்தக் கிழமை முழுக்கத் தொலைபேசி ஓயவில்லை. கூரைக் குழாயை நிலத்தடி வாய்க்காலிலிருந்து பிரித்துவிடச் சொன்னால் "அது நகரசபையின்ரை அலுப்பு" என்று தட்டிக் கழித்தவர்களும், பின்னோக்கி வரும் கழிவுநீரைத் தடுக்கும் வால்வு எதற்கு என்று கேட்டவர்களும் அன்றிலிருந்து காது கொடுத்துக் கேட்டார்கள். நான் பார்த்துச் சொன்னபடி நிலத்தைச் சரித்து, குழாயைத் தள்ளிவிட்டு, வால்வும் போட்டிருந்த ஒரு குடும்பத்தினர் தங்கள் பேஸ்மென்ற் காய்ந்திருப்பதாகச் சொல்லக் கூப்பிட்டார்கள். தொழிற்சாலை வேலையை விடலாம் என்ற துணிவு எனக்கு அந்த அழைப்பில் வந்தது.

2016இலும் 2017இன் தொடக்கத்திலும் வீட்டு விலை வெறிகொண்டு ஏறியது. ஒரே வீட்டுக்குப் பலர் போட்டி போட்டார்கள். நிபந்தனை வைத்தவருடைய விலையை விற்பவர் திரும்பியும் பார்க்கவில்லை. அதனால் வாங்குகிறவர்கள் பரிசோதனையைக் கைவிட்டு, பார்த்த அன்றே கையெழுத்து வைத்தார்கள். அந்தக் காலத்தில் விலை கொடுக்க முன்பே போய்ப் பார்க்கும் சுருக்கமான பரிசோதனைக்கு நான் சம்மதித்தேன். அறிக்கை எழுத நேரமில்லாவிட்டாலும் கூரை, அத்திவாரம், மின்பனல், ஃபேர்னஸ், தண்ணீர் ஆகிய ஐந்தையும் பார்த்து வாயால் சொல்லிவிடலாம். ஒன்றுமே பார்க்காமல் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். 2017 ஏப்ரலில் மாகாண அரசு சந்தையைத் தணிக்க நடவடிக்கை எடுத்தது. அதே ஏப்ரலில் வீட்டுப் பரிசோதகருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கும் சட்டமும் ஒன்ராறியோவில் நிறைவேறியது. ஆனால் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மக்கள் தங்கள் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவுக்குக் காவலாக நிற்கும் தொழிலை உரிமமில்லாமல் விட்டுவைப்பது நியாயமில்லை. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளையவர்கள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். சட்டம் வரும்வரை காத்திருக்காமல் சட்டம் கேட்கப் போவதையெல்லாம் நீங்களாகவே செய்யுங்கள் என்கிறேன். படியுங்கள், சோதனை எழுதுங்கள், தொழில் பிழைக்கான காப்புறுதி எடுங்கள், மூத்தவர் ஒருவருக்குப் பின்னால் ஏணி தூக்கிக்கொண்டு போங்கள். முதல் இரண்டு வருடத்துக்குக் குடும்பச் செலவைத் தாங்கும் வேறு வருமானத்தைக் கைவிடாதீர்கள். பசியோடு இருப்பவரால் ஏஜென்ற்றுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டை வாங்கு, வாங்காதே என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், அந்த முடிவு அவர்களுடையது. அவர்கள் அந்த முடிவைக் கண்ணைத் திறந்துகொண்டு எடுப்பதற்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அவ்வளவையும், அந்த வீட்டில் வாழப்போகிற கடைசி ஆளுக்கும் விளங்கும்வரை சொல்லிவிட்டு வாருங்கள்.